மிளகாயும் ஸ்பானிய மரபு விழாவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள கலாசாலைகள் பலவற்றில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஸ்பானிய மரபு விழா கொண்டாடப்படுகின்றது. 1968-ஆம் ஆண்டில் ஒரு வாரத்திற்கென ஏற்பட்ட இவ்விழா, 1988-இல் ஒரு திங்களாக விரிந்தது. குவாத்தமாலா முதலிய மத்திய அமெரிக்க நாடுகள் ஐந்தும் ஸ்பெயினினின்று விடுதலை அறிவித்த நாள் 1821 செப்டம்பர் 15 ஆதலின், விழாவும் அந்நாளிலேயே தொடங்குகின்றது.

இத்தகைய விழாவை நம் கல்லூரியிலும் நடத்தலாகாதோ என்பர் நண்பர் சிலர். கடல்கடந்தார் மரபு நமக்கு எவ்வாற்றான் உரியது என்பர் வேறு சிலர். அகன்ற தொப்பியும் கித்தாரும் மேடையேறின், அது வேடிக்கையாய் முடியுமேயன்றி விழாவாகாது என்பது எமது துணிபு. இரு சாரார்க்கும் விடை கரையான்சாவடிக் காய்கறிக் கடையிலேயே இருக்கின்றது.

ஆங்குக் குவிந்துள்ள மிளகாயை நோக்குக. பதினாறாம் நூற்றாண்டிற்கு முன் தமிழகம் அதனை அறியாது. நம் உணவிற்கு உறைப்பூட்டியது மிளகே. கொலம்பஸ் 1492-இல் கீழ்நாட்டு வாசனைப் பொருள்களை நாடிப் புறப்பட்டு அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். மிளகு கிட்டவில்லை, உறைப்பான வேறொரு காயே கிட்டியது. மிளகைப் 'பிமியெந்தா' என வழங்கும் ஸ்பானியர், அதனையொட்டி இக்காயைப் 'பிமியெந்தோ' என்றனர். அவர்தம் அண்டை நாட்டினரான போர்த்துக்கீசியர் வாயிலாக அது நம் கரை சேர்ந்தபொழுது, நம் முன்னோரும் மிளகையே நினைந்து 'மிளகாய்' என்றனர். இரு மொழியினர் ஒரே நெறியிற் பெயரமைத்தமை வியப்பன்றோ! அருகிலுள்ள பரங்கிக்காயும் அமெரிக்க மண்ணினதே. அயலாரான பரங்கியர் பெயரை அது தாங்கியுள்ளது. இவ்வூரிலிருந்து போரூர் வழியே செல்லுஞ் சாலை சேரும் பரங்கிமலையின் பெயரும் அவர்களையே நினைவூட்டுகின்றது.

ஆயினும் மிளகாயை முதன்முதற் பயிராக்கியோர் ஸ்பானியரல்லர். அவர் வருமுன் பல்லாயிரம் ஆண்டுகளாக மெக்சிக்கோ முதலிய நாடுகளின் பழங்குடியினரே அதனை வளர்த்தனர். 1521-இல் ஸ்பானியர் மெக்சிக்கோத் தலைநகரைக் கைப்பற்றினர்; போராலும் பெரியம்மையாலும் எண்ணிறந்தோர் மாண்டனர். வென்றோர் புகழைப் பாடிப் பயிரிட்டோர் துயரை மறப்பது நன்றி மறத்தலேயாம்.

சென்னை இலயோலாக் கல்லூரியும் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியும் இன்றைய ஸ்பெயின் நாட்டிற் பிறந்தோர் பெயரைத் தாங்கியவை. அவருட் சவேரியார் 1542-இல் இந்தியா போந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே, இருமொழி அறிந்தோர் துணையாற் செபங்களைத் தமிழாக்குவித்து, அவற்றை மனப்பாடஞ் செய்து கற்பித்தார். பிறர் மொழியைத் தம் நாவால் ஒலிக்க முயன்ற அப்பணிவே விழாக் கொண்டாடுவோர்க்கு முதற்பாடம். ஆதலின் நாமும் ஸ்பானியச் சொற்கள் சிலவற்றையேனும் பொருளறிந்து கற்போம். விடுதி உணவிலுள்ள காய்கள் எம்மண்ணின, எம்மக்கள் வளர்த்தன என எழுதிவைப்போம்.

சாவடி என்பது வழிப்போக்கர் தங்குமிடம். நம் மொழியும் அத்தகையதே. வந்த காய்க்கு இடமளித்துப் பெயருமளித்தது. அது வந்த வழியை மறவாதிருப்போமாக.