அறியாமல் உட்கொள்ளும் ஊக்கமருந்து

ஊக்கமருந்து என்றவுடன் ஏமாற்றும் எண்ணமே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும், அவ்வெண்ணம் சிறிதும் இல்லாத விளையாட்டாளரும் இக்குற்றச்சாட்டுக்கு உள்ளாகக்கூடும். சத்து மாத்திரை, புரதத் தூள், மூலிகைக் குளிகை ஆகியவற்றின் வழியாகத் தடைசெய்யப்பட்ட பொருள் உடலிற் சேர்வது அதற்கு ஒரு காரணமாகும்.

மலேசியர் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. 2014ஆம் ஆண்டு கோப்பன்ஹேகனில் நடைபெற்ற உலகப் பூப்பந்துப் போட்டியில் டத்தோ லீ சோங் வெய் இரண்டாம் இடம் பெற்றார். அங்கு எடுக்கப்பட்ட சிறுநீர் மாதிரியில் டெக்சாமெதசோன் என்னும் மருந்து காணப்பட்டது. அவர் உட்கொண்ட கார்டிசெப்ஸ் குளிகையின் ஜெலட்டின் உறையிலிருந்து அது வந்தது என்னும் விளக்கத்தை விசாரணைக் குழு ஏற்றது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்றும் கண்டது. எனினும், கவனக்குறைவுக்காக எட்டு மாதத் தடை விதித்தது. வெள்ளிப் பதக்கமும் பறிபோனது.

நோக்கம் இல்லாதவருக்குத் தண்டனை ஏன்? உடலில் காணப்படும் பொருளுக்கு விளையாட்டாளரே பொறுப்பு என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பின் அடிப்படை. ‘அறியேன்’ என்னும் சொல்லே போதுமானால், உண்மையாக ஏமாற்றியவரும் அதனையே கூறித் தப்புவர். ஆகவே, நோக்கமின்மை தண்டனைக் காலத்தைக் குறைக்க உதவுமேயன்றி, அப்போட்டியில் பெற்ற முடிவைக் காப்பாற்றாது.

இக்கலப்பு மூன்று வகையில் நிகழ்கிறது. முதலாவது, தூய்மைக்கேடு. ஒரே இயந்திரத்தில் பல பொருள்களை அரைக்கும்போது முந்தைய பொருளின் துகள் அடுத்ததில் ஒட்டிக்கொள்கிறது. இன்றைய ஆய்வுக்கூடங்கள் மிக நுண்ணிய அளவையும் கண்டறிவதால் அத்துகளே போதுமானது. இரண்டாவது, வேண்டுமென்றே சேர்த்தல். விரைவில் பலன் காட்டும் பொருட்டுச் சிலர் மருந்தைக் கலந்து, அதன் பெயரை உறையில் மறைக்கின்றனர். ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 துணைச்சத்துப் பொருள்களைச் சோதித்தபோது, 94 பொருள்களில் உறையில் குறிப்பிடப்படாத ஹார்மோன் வகைகள் இருந்தன. அஃதாவது, ஏறத்தாழ ஏழில் ஒன்று.

மூன்றாவது, மூலிகையிலேயே இயல்பாக அமைந்தது. நம் வட்டாரத்தில் பத்தாவாலி எனப்படும் கொடி, சீந்திலின் இனத்தைச் சேர்ந்தது. அதில் தடைப்பட்டியலில் உள்ள ஹைஜினமைன் இருக்கிறது. ‘இயற்கையானது’ என்னும் சொல் ‘அனுமதிக்கப்பட்டது’ எனப் பொருள்படாது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இனி, செய்யவேண்டியது யாது? துணைச்சத்து உண்மையில் தேவையா என்பதை மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ முதலில் கேட்டறிய வேண்டும். வளரும் மாணவருள் பெரும்பாலோர்க்குச் சோறு, பருப்பு, முட்டை, மீன், காய்கனி ஆகியவையே போதும். தேவை உறுதியானால், தொகுதிதோறும் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் இடரைக் குறைக்குமேயன்றி, முற்றிலும் நீக்காது. தொகுதி எண்ணுடன் கூடிய உறையையும் வாங்கிய சீட்டையும் பாதுகாத்தல் நன்று. பின்னர் விளக்கம் அளிக்க நேரின், அவையே துணைநிற்கும்.

மாணவர் தாமாக இவற்றை நாடுவது குறைவு. பயிற்றுநரோ பெற்றோரோ மூத்த விளையாட்டாளரோ அன்புடன் தருவதையே உண்கின்றனர். கொடுப்பவர் பலராயினும், தடை பெறுபவர் உண்டவரே. எனவே, உறையைப் படிக்கும் பழக்கத்தையும், ஐயமுள்ளதைப் பணிவுடன் மறுக்கும் துணிவையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கற்பித்தல் ஆசிரியர் கடமையாகும்.