ஏரி எல்லையும் கீற்றுப் பல்கோணமும்: தாம்பரம் பகுதியை முன்வைத்துப் பல்கோண மேற்பொருத்தம்

முன்னுரை

2021ஆம் ஆண்டு நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஏரிகளை ஒட்டி இங்குக் குடியிருப்புகள் பெருகியுள்ளன. ஏரி எல்லைப் படலத்தின்மீது மனைப் படலத்தைப் பொருத்தி, இரண்டுக்கும் பொதுவான பரப்பைக் கணித்து ஆக்கிரமிப்பை அறியலாம். இது பல்கோண மேற்பொருத்தம் எனப்படும். கட்டற்ற மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் இது நிகழும் முறையையும், அதன் முடிவை மதிப்பிடும் நெறியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செயல்முறை

கியூஜிஐஎஸ் இக்கணிப்புக்கு ஜியோஸ் என்னும் நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. முதலில், இரு படலங்களின் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் கணுக்கள் இடப்பெறுகின்றன. அடுத்து, கணுக்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் எப்படலத்தின் உள்ளே, வெளியே அல்லது எல்லையில் அமைகிறது எனக் குறிக்கப்படுகிறது. இறுதியில், வேண்டிய துண்டுகள் மட்டும் தொகுக்கப்பட்டுப் புதிய பல்கோணங்கள் உருவாகின்றன. வெட்டு, சேர்ப்பு, கழிப்பு ஆகியவை இவ்விறுதிப் படியிலேயே வேறுபடுகின்றன.

வெட்டுப்புள்ளியின் ஆயத்தொலைவுகளைக் கணினி பெரும்பாலும் தோராயமாகவே சேமிக்கிறது. அந்நுண்பிழையும் துண்டுகளின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். 2020இல் வெளிவந்த ஜியோஸ் 3.9 பதிப்பின் புதிய மேற்பொருத்த முறை, தேவைப்படுமிடத்துப் புள்ளிகளைச் சீரான கட்டத்தில் நிறுத்தி இவ்விடரைப் பெரிதும் களைந்தது.

கீற்றுப் பல்கோணம்

கணிப்பின் பிழை நீங்கினும் தரவின் பிழை நீங்குவதில்லை. புலப்படத்திலிருந்து வரைந்த ஏரி எல்லையும் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்த மனை எல்லையும் முற்றிலும் ஒன்றுவதில்லை. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பொதுவெல்லை ஒரு மீட்டர் விலகினாலே 1,000 சதுர மீட்டர்க் கீற்று தோன்றும். மனை ஒன்று 2,400 சதுர அடி என்னும் சென்னை வழக்கின்படி இஃது ஏறத்தாழ நாலரை மனை.

பரப்பை 4π-ஆல் பெருக்கிச் சுற்றளவின் இருபடியால் வகுத்தால் வட்டத்திற்கு 1, சதுரத்திற்கு 0.785, இக்கீற்றுக்கு 0.003 கிடைக்கும். இவ்வளவை கீற்றுகளை இனங்காட்டும். எனினும் அவற்றை நீக்கப் போதிய காரணமாகாது. கரையோரத்து உண்மையான ஆக்கிரமிப்பும் இதே வடிவில் அமையலாம்.

முடிவுரை

இரு படலங்களையும் ஒரே ஆயமுறைக்கு (இப்பகுதிக்கு யுடிஎம் 44 வடக்கு மண்டலம்) மாற்றிய பின்னரே பொருத்துதல் வேண்டும். கீற்றின் அகலம் இரு மூலங்களின் இடப்பிழைக்கு உட்பட்டதாயின், அதனை ஆக்கிரமிப்பு எனவோ பிழை எனவோ வரைபடம் கொண்டு துணிதல் தகாது. களஅளவையே முடிவுசெய்தல் வேண்டும். ஒரு குடும்பத்தின் மனையும் ஓர் ஏரியின் நீர்ப்பரப்பும் அம்முடிவைச் சார்ந்துள்ளன.