பன்மைச் சமூக நகரில் தலைமைத்துவமும் இணைப்பும்: கோ. சாரங்கபாணியின் சிங்கப்பூர்ப் பணிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
பல இனத்தார் வாழும் நகரில் ஒரு சிறுபான்மைச் சமூகம் தன்னுள் ஒன்றுபடுவது பிற சமூகங்களிடமிருந்து விலகுவதற்கே வழிவகுக்கும் என்னும் கருத்து உண்டு. தமிழவேள் கோ. சாரங்கபாணியின் (1903–1974) பணிகள் இக்கருத்துக்கு மாறான சான்றாக அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிங்கப்பூர்த் தமிழர், தலைமைத்துவம், தமிழர் திருநாள், குடியுரிமை.

முன்னுரை
இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர்த் தமிழர் ஒரே சமூகமாக இயங்கவில்லை. துறைமுகத் தொழிலாளர், நகராட்சித் தொழிலாளர், செட்டியார், தமிழ் முஸ்லிம் வணிகர், இலங்கைத் தமிழ் எழுத்தர் எனத் தொழில், சமயம், சாதி, ஊர் ஆகியவற்றால் பிரிந்திருந்தனர். கோயில், பள்ளிவாசல், ஊர்ச்சங்கம் ஆகியவை அவரவர்க்குத் துணைநின்றன. அனைவருக்கும் பொதுவான மேடை அரிதாகவே இருந்தது. சீனரும் மலாயரும் பெரும்பான்மையினராக வாழ்ந்த நகரில் இப்பிரிவுகள் தமிழரின் குரலை வலுவிழக்கச் செய்தன.

பொதுமேடை உருவாக்கம்
1924இல் சிங்கப்பூர் வந்த சாரங்கபாணி சுயமரியாதைச் சிந்தனையில் ஈடுபாடு கொண்டவர். 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்திலும் 1935இல் அவர் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழிலும் சாதி வேறுபாட்டை எதிர்க்கும் குரல் ஒலித்தது. எனினும், சமயச் சடங்குகளைக் கண்டிப்பதால் மட்டும் பல சமயத்தாரை ஒன்றிணைக்க இயலாது. இதற்கு விடையாக அமைந்தது 1952இல் பொங்கல் நாளையொட்டித் தொடங்கப்பெற்ற தமிழர் திருநாள். அறுவடையும் மொழியும் அதன் அடிப்படை ஆனதால் இந்து, முஸ்லிம், கிறித்தவர் ஆகிய யாவரும் தத்தம் சமயத்தை விடாமலே அதில் பங்குகொள்ள இயன்றது. ஒருவரது அடையாளத்தை அழிக்காமல் மற்றோர் அடையாளத்தைச் சேர்த்தளித்ததே இம்முயற்சியின் நுட்பமாகும்.

இத்தகைய எண்ணம் அவரிடம் மட்டும் இருந்ததன்று. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய பள்ளிக்குச் சீறாப்புராண ஆசிரியர் உமறுப்புலவரின் பெயரைச் சூட்டியமை, சமயமும் மொழியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்குச் சான்றாகும்.

நகரோடு பிணைப்பு
உள்ளிணைப்பு நகர வாழ்வில் பங்கேற்பதற்கான தகுதியாக வளர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தோன்றிய இந்தியவியல் துறையில் தமிழ் இடம்பெற வேண்டும் என அவர் வாதிட்டார். அதற்கான ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு எளிய தொழிலாளரும் பொருளளித்தனர். 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தமிழர் தம்மைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று இதழின்வழி வலியுறுத்தினார். தாயகம் திரும்பும் எண்ணத்தோடு வாழ்ந்த தொழிலாளர்க்கு இது பெரும் மனமாற்றத்தைக் கோரிய அழைப்பு. பிற இனத்தாரோடு சமநிலையில் உறவாட, அந்நகரைத் தம் ஊராக ஏற்பது முதற்படி என்பதே இதன் உட்பொருள். 1965இல் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகச் சட்டத்தில் இடம்பெற்றது. இதனைத் தனியொருவரின் சாதனையாகக் கொள்வது பொருந்தாது; ஆயினும் அமைப்பாகத் திரண்ட சமூகம் இருந்தமை அதற்குத் துணைநின்றது எனலாம்.

எல்லைகள்
மொழிவழி ஒற்றுமை தனக்கேயுரிய எல்லையையும் வகுக்கிறது. ‘இந்தியர்’ என்னும் அரசு வகைப்பாட்டில் அடங்கும் மலையாளி, பஞ்சாபி, குசராத்தி முதலியோர் இம்மேடைக்கு வெளியே நின்றனர். மேலும், உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று சிங்கப்பூர் இந்தியர் இல்லங்களில் ஆங்கிலமே மிகுதியாக வழங்குகிறது. பேச்சு குறையும்போது மொழியை அச்சாகக் கொண்ட பிணைப்பும் தளர்கிறது.

முடிவுரை
பிளவுண்ட சமூகத்திற்குப் பொதுநாள், பொதுஇதழ், பொதுநிதி ஆகியவற்றை அளித்து, அவ்வொற்றுமையைக் குடியுரிமையை நோக்கித் திருப்பியதே சாரங்கபாணி தலைமையின் தனித்தன்மை. ஒரு சமூகம் தன்னுள் எவரையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது என்பதோடு, அச்சேர்க்கையை எதற்காகப் பயன்படுத்துகிறது என்பதையும் அளவுகோலாகக் கொண்டே நகர்ப்புறத் தலைமையை மதிப்பிட வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.