கைப்பேசியில் ஒரு தபால் பெட்டி

பிழைப்பை நாடி வெளி மாநிலம் சென்ற தமிழருக்கு ஒரு காலத்தில் விலாசமே பெருங்கவலையாக இருந்தது. பம்பாயில் ஓர் அறையில் ஆறு மாதம், தில்லியில் மற்றோர் அறையில் ஓராண்டு என்று இடம் மாறிக்கொண்டிருந்தவர்கள், தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரரின் பெயருக்கு முன்னே 'மே/பா' என்று எழுதச் சொல்லி, ஊர்க் கடிதங்களை வரவழைத்தார்கள். கடைக்காரர் கடையை மாற்றினால் கடிதமும் திசை தெரியாமல் போகும்.

மின்னஞ்சல் அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தது. நாம் போகும் இடமெல்லாம் நம்மோடு வரும் விலாசம் அது. வேலைக்கான நியமன உத்தரவும், ரயில் பயணச் சீட்டும், வருமான வரித் துறையின் அறிவிப்பும், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைச் செய்தியும் இன்று அதன் வழியாகவே வருகின்றன. எனினும் அந்த விலாசமும் ஒரு நாள் கைவிட்டுப் போகக்கூடும். மாநிலம் விட்டு மாநிலம் செல்வோருக்கு அது எளிதில் நேர்கிறது. காரணம் மின்னஞ்சலில் இல்லை. சிம் அட்டையில் இருக்கிறது. அதனை விளக்குமுன், கைப்பேசியில் மின்னஞ்சல் இயங்கும் விதத்தைச் சிறிது பார்ப்போம்.

நமக்கு வரும் கடிதம் கைப்பேசிக்குள் இருக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது அங்கே இல்லை. கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் பெரிய கணினிகளில் அது இருக்கிறது. அந்தக் கணினியைச் சர்வர் என்பார்கள். மொழிபெயர்ப்பு அலுவலில் இருக்கும் எங்களைப் போன்றோர் சேவையகம் என்றும் வழங்கி என்றும் பெயரிட்டுப் பார்த்தோம். மக்கள் நாவில் சர்வர்தான் நின்றது. அதிலும் குறையொன்றுமில்லை. ஓட்டலில் நாம் கேட்டதை உள்ளேயிருந்து எடுத்து வந்து தருபவரும் சர்வர்தானே! கைப்பேசி கேட்கிறது, சர்வர் எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே கைப்பேசி தொலைந்தாலும் உடைந்தாலும் கடிதம் அழிவதில்லை. வேறொரு கைப்பேசியில் அதே கணக்கினுள் நுழைந்தால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். ஆனால் நுழையத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. ஆண்டிராய்டு கைப்பேசி வாங்கியவுடன் அது ஒரு கூகுள் கணக்கைக் கேட்கும். நம்மவர்களில் பலருக்கு அந்தக் கணக்கைக் கடைக்காரரோ, உறவுக்காரப் பையனோ இரண்டு நிமிடத்தில் திறந்து கொடுத்துவிடுகிறார். கடவுச்சொல் என்னவென்று கேட்பதில்லை. கேட்டாலும் எழுதி வைப்பதில்லை. கைப்பேசி ஒரு முறை கணக்கினுள் சென்றுவிட்டால் மறுபடியும் கடவுச்சொல்லைக் கேட்பது அரிது. ஆண்டுக்கணக்கில் எந்தக் குறையும் தெரியாது.

எங்கள் குடியிருப்புக்கு அருகேயுள்ள மெஸ்ஸில் சமையல் வேலை பார்க்கும் நண்பர் தென்காசிப் பக்கத்தவர். புனேயில் சில காலம் இருந்து தில்லிக்கு வந்தவர். வந்ததும் தில்லி எண் ஒன்று வாங்கிக்கொண்டு, பழைய தமிழ்நாட்டு எண்ணுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார். ஒன்றரை ஆண்டு கழித்துக் கைப்பேசி சாம்பார் அண்டாவில் விழுந்தது. புதிது வாங்கினார்; கடவுச்சொல் தெரியவில்லை. 'மறந்துவிட்டேன்' என்று தெரிவித்ததும், கணக்கு அந்தப் பழைய எண்ணுக்கு ஒரு ரகசிய எண்ணை அனுப்புவதாகச் சொன்னது. அவருடைய மகளின் நர்ஸிங் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் அதே விலாசத்துக்கு வந்திருந்தது. பணம் கட்ட நான்கு நாட்களே மீதமிருந்தன.

தம்முடைய பழைய எண்ணுக்குத் தாமே அழைத்துப் பார்த்தார். கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மாள் பேசினார். விஷயத்தைச் சொல்லி, வந்திருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுமாறு வேண்டினார். "யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாதுன்னு பேங்க்கிலே சொல்லியிருக்காங்க, அண்ணா" என்று கூறி அந்த அம்மாள் தொடர்பைத் துண்டித்துவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரி. நம் நண்பர் நல்லவர் என்பதை அவர் எப்படி அறிவார்?

அந்த எண் கோயம்புத்தூருக்குப் போனது எவருடைய தவறும் அன்று. முன்கட்டணம் செலுத்தும் எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமலும், கணக்கில் பணம் இல்லாமலும் விட்டால் நிறுவனம் அதனைத் துண்டிக்கலாம். துண்டித்த எண்ணை, குறைந்தது மேலும் 90 நாள் கழிந்தபின், வேறொருவருக்கு அளிக்கலாம். எண்கள் அளவுக்கு உட்பட்டவையாதலால் அவ்வாறு செய்கிறார்கள். ஆகவே நாம் கைவிட்ட எண் யாரோ ஒருவரின் சட்டைப்பையில் மீண்டும் ஒலிக்கிறது. நம் கணக்கின் சாவியும் அதனோடு போய்விடுகிறது.

இத்தனைக்கும், மாநிலம் மாறுவதற்காக எண்ணை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. 2015 ஜூலை 3 முதல், நாட்டின் எந்தப் பகுதிக்குச் சென்றாலும் பழைய எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு, கைப்பேசி எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதற்கான குறியீடு கிடைக்கும். புதிய எண்ணைத்தான் வாங்குவோம் என்பவர்கள், பழைய எண் உயிரோடிருக்கும் போதே கணக்கில் எண்ணை மாற்றிவிட வேண்டும். முறை மாறிச் செய்தால், நண்பர் பட்ட பாட்டைப் படவேண்டியதுதான்.

அவர் எப்படி மீண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தில்லிக்கு வருமுன் அவர் வைத்திருந்த, திரை விரிசல் கண்ட பழைய கைப்பேசி ஒன்று ஊரில் அலமாரியில் கிடந்தது. மகள் அதற்கு மின்னேற்றி, வீட்டு இணையத்தோடு இணைத்தாள். அதில் கணக்கு திறந்தே இருந்தது. இரண்டு நாளாகத் தில்லியில் நாங்கள் தேடிய சேர்க்கைக் கடிதமும் அதிலேயே வந்து நின்றது! பிறகு நண்பர் தில்லியிலிருந்து நுழைய முயன்றபோது, 'நுழைய முயல்பவர் நீங்கள்தானா?' என்ற கேள்வி அந்தப் பழைய கைப்பேசியின் திரையில் எழுந்தது. மகள் 'ஆம்' என்பதைத் தொட்டாள், வழி திறந்தது. கணக்கை மீட்க முயல்வோர், முன்பு அதனைப் பயன்படுத்திய சாதனத்திலிருந்தும், வழக்கமாக இருந்த இடத்திலிருந்தும் முயல்வது நலம் என்று கூகுள் கூறுவதன் காரணம் இதுவே. ஆனால் நாம் கேளாமலே அத்தகைய கேள்வி திரையில் தோன்றினால் 'இல்லை' என்பதையே தொடவேண்டும். வேறு யாரோ கதவைத் தட்டுகிறார் என்பது அதன் பொருள்.

நேயர்கள் இன்றே பார்த்துவிட வேண்டியது ஒன்று உண்டு. ஜிமெயில் செயலியைத் திறந்து, மேலே வலப்புறம் உள்ள உங்கள் படத்தையோ எழுத்தையோ தொடுங்கள். 'கூகுள் கணக்கு' என்பதனுள் சென்று, 'பாதுகாப்பு' என்ற பகுதியைப் பாருங்கள். மீட்புக்கான கைப்பேசி எண்ணும் மீட்புக்கான மின்னஞ்சலும் அங்கே இருக்கும். அந்த எண் இன்று உங்கள் கையில் இருக்கும் எண்தானா? மீட்பு மின்னஞ்சலாக மனைவியின் அல்லது மகனின் விலாசத்தைத் தரலாம். இருபடிச் சரிபார்ப்பு வைத்திருப்போருக்கு அங்கேயே பத்து மாற்றுக் குறியீடுகளும் கிடைக்கும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறைக்கு மட்டும் செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலேயே படமெடுத்து வைப்பது, பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைப்பது போலாகும்.

ஒரே கைப்பேசியில் இரண்டு மூன்று கணக்குகளையும் வைத்துக்கொள்ளலாம். முன்சொன்ன அதே இடத்தில் 'மற்றொரு கணக்கைச் சேர்' என்பது இருக்கும். ஜிமெயில், யாகூ, அவுட்லுக் ஆகியவற்றுக்கு விலாசமும் கடவுச்சொல்லும் போதும். மற்றவற்றைச் செயலியே பார்த்துக்கொள்ளும். வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்த விலாசமாக இருந்தால் சிலபோது சர்வரின் பெயரைக் கேட்கும். அதனைக் கம்பெனியில் கேட்டறிய வேண்டும். அப்போது ஐமேப், பாப் என்று இரண்டு வழிகள் காட்டப்படும். யோசியாமல் ஐமேப் என்பதையே தேர்ந்தெடுங்கள். அதில் கடிதம் சர்வரில் தங்கி, எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல் தெரியும். பாப் வழியிலோ, அமைத்த விதத்தைப் பொறுத்து, கடிதம் கைப்பேசிக்கு வந்தவுடன் சர்வரிலிருந்து அழிந்தும் போகலாம். ஓரெழுத்து குறைவாக இருக்கிறதே என்று பாப் வழியைத் தேர்ந்தெடுத்த நான், ஓராண்டுக் கடிதங்களைக் கைப்பேசியோடு பேருந்தில் பறிகொடுத்தேன். ஐமேப் வழியில் கடிதம் பெறும் வாயிலின் எண் 993. அனுப்பும் வாயிலின் எண் 465 அல்லது 587.

கடவுச்சொல் சரியாக இருந்தும் 'தவறு' என்று வருவதுண்டு. பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்கும் பழைய செயலிகளைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகள் 2022 மே 30 முதல் ஏற்பதில்லை. அத்தகைய செயலியையே வைத்திருக்க விரும்புவோர், இருபடிச் சரிபார்ப்பை அமைத்து, அதற்கென்று பதினாறு எழுத்துள்ள தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெறவேண்டும். அதைவிடச் செயலியை மாற்றுவது எளிது.

கடிதம் வரவில்லை என்ற குறைக்கு முதலில் இணையம் இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டா தீர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். பிறகு அந்தக் கணக்கின் அமைப்பில் ஒத்திசைவு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியைச் சேமிக்கும் வசதி இயங்கினாலும் கடிதம் தாமதமாகும். ஸ்பேம் என்ற பகுதியையும் பார்க்க வேண்டும். அங்கே சென்ற கடிதம் 30 நாளில் தானே அழியும். கைப்பேசியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் சர்வர் நம்மை நம்பாது. சிறிய விஷயம், ஆயினும் பலரை ஏமாற்றியது.

இடம் நிரம்பிவிடுவது மற்றொரு காரணம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. அதில் கடிதங்கள் மட்டுமன்றிப் புகைப்படங்களும், ஆண்டிராய்டில் வாட்ஸ்அப் சேமிப்பும் அடங்கும். அது நிறைந்துவிட்டால் கடிதம் வராது, போகவும் செய்யாது. பெரிய இணைப்புகளை அழித்து, குப்பைக்கூடையையும் காலிசெய்தால்தான் இடம் பிறக்கும். அனுப்பும் கடிதத்தில் இணைப்புகள் 25 எம்.பி.க்கு மேற்போகலாகாது.

இவ்வளவும் பார்த்த பின்னரும் சரியாகாவிட்டால், கணக்கைக் கைப்பேசியிலிருந்து நீக்கி மறுபடியும் சேர்ப்பார்கள். ஐமேப் வழியில் அதனால் நஷ்டமில்லை. அனுப்பாமல் நிற்கும் கடிதங்கள் மட்டும் போய்விடும். கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டே நீக்க வேண்டும். 'இந்தச் சாதனத்திலிருந்து நீக்கு' என்பது வேறு, 'கணக்கை அழி' என்பது வேறு. பின்னது கணக்கையே ஒழித்துவிடும். இரண்டாண்டு திறவாமல் விட்ட கணக்குகளையும் 2023 டிசம்பர் முதல் கூகுள் அழித்துவருகிறது. ஆகவே ஊரில் சும்மா கிடக்கும் பழைய விலாசத்தையும் இடையிடையே திறந்து பாருங்கள்.

கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்கும் தொலைபேசி எண்கள் இணையத்தில் பல உண்டு. கூகுள் அத்தகையோர் எவரையும் அமர்த்தவில்லை. பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பழைய கைப்பேசியை விற்பதற்கு முன் அதிலுள்ள கணக்கை நீக்கி, எல்லாவற்றையும் அழித்துக் கொடுங்கள். 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியலில் அது இன்னும் தெரிந்தால், அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம். நம் நண்பர் தமது கைப்பேசியை விற்கவில்லை. விரிசல் கண்ட அது ஊர் அலமாரியில்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை மகள் அதற்கு மின்னேற்றுகிறாள்.