மிடிப் பதிவுகளில் டெம்போவையும் தாளக்குறியையும் மாற்றுதல்

மிடி என்பது மின்னணு இசைக்கருவிகளும் கணினிகளும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக 1983 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒரு சீர்தரம் ஆகும். மிடித் தடத்தில் பதிவாவது ஒலி அன்று. எந்தச் சுரம் எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் வாசிக்கப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் கட்டளைகளே. ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறிவிடும். மிடிப் பதிவில் வேகத்தை எவ்வளவு மாற்றினாலும் சுருதி மாறுவதில்லை.

நேரம் குறிக்கப்படும் முறை

1988 இல் ஏற்கப்பட்ட சீர்தர மிடிக் கோப்பு வடிவத்தில், நேரம் பொதுவாக நொடிகளில் அல்லாது 'டிக்' எனப்படும் சிற்றலகுகளில் எழுதப்படுகின்றது. ஒரு கால் சுரத்துக்கு எத்தனை டிக் என்பதைக் கோப்பின் தலைப்பகுதி கூறும் (எ-கா: 480). அக்கால் சுரம் எத்தனை மைக்ரோநொடி நீடிக்கும் என்பதை டெம்போ நிகழ்வு கூறும். 5,00,000 மைக்ரோநொடி எனில் நிமிடத்துக்கு 120 கால் சுரங்கள். டெம்போ எதுவும் குறிப்பிடப்படாவிடின் இவ்வளவே கொள்ளப்படும். பல தடங்கள் கொண்ட கோப்பில் டெம்போ, தாளக்குறி நிகழ்வுகள் முதல் தடத்தில் இடம்பெற வேண்டும்.

டெம்போவை மாற்றுதல்

மெட்ரோனோம் ஒலிக்கு இசைய வாசித்த பதிவில் இது எளிது. டெம்போ எண்ணை மட்டும் மாற்றினாற் போதும். சுரங்களின் டிக் நிலைகள் அப்படியே இருக்கும். படிப்படியாக வேகம் குறைய வேண்டுமாயின், அடுத்தடுத்துப் பல டெம்போ நிகழ்வுகள் இடப்படும்.

மெட்ரோனோம் இன்றித் தன்போக்கில் வாசித்த பதிவே சிக்கலானது. மென்பொருள் 120 இல் இருக்க, கலைஞர் 90 வேகத்தில் வாசித்ததாகக் கொள்வோம். அவரது ஒரு தட்டு 480 டிக்குக்குப் பதிலாக 640 டிக் நீளம் பெறும். கேட்பதற்கு இசை சரியாகவே இருக்கும். இசைத்தாளாக அச்சிட்டால் சுரங்கள் தட்டுகளோடு பொருந்தாமற் சிதறிக் கிடக்கும். இப்போது டெம்போவை 90 ஆக மட்டும் மாற்றினால், சிதறல் நீங்காததோடு வாசிப்பின் வேகமும் கெடும். டெம்போவை 6,66,667 மைக்ரோநொடியாக்கி, எல்லா டிக் நிலைகளையும் 0.75 ஆற் பெருக்க வேண்டும். தலைப்பகுதியிலுள்ள 480 ஐ 640 ஆக மாற்றினாலும் அதே பயன் கிட்டும். இதில் சுரங்களைத் தொடவே வேண்டியதில்லை என்பதால் இதுவே நேர்த்தியான வழி எனலாம். வாசிப்பின் வேகம் இடையிடையே ஏறி இறங்கியிருப்பின், ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே அடையாளம் காண வேண்டும்.

தாளக்குறியை மாற்றுதல்

தாளக்குறி நிகழ்வு எந்தச் சுரத்தையும் நகர்த்துவதில்லை. கோடுகள் எங்கே விழும், மெட்ரோனோம் எப்போது ஒலிக்கும் என்பவற்றையே அது தீர்மானிக்கின்றது. 4/4 இலுள்ள மூன்று சுற்றுகளை 3/4 என மாற்றினால் அதே 12 தட்டுகள் நான்கு சுற்றுகளாகும். இசை மும்மைத் தாளமாகிவிடாது. அதற்குச் சுரங்களையே நீக்கியோ நகர்த்தியோ அமைக்க வேண்டும்.

6/8 இல் மேலும் கவனம் தேவை. அங்கு ஒரு தட்டு என்பது ஒன்றரைக் கால் சுரம். கோப்போ எப்போதும் கால் சுரத்தையே அளவாகக் கொள்கின்றது. நிமிடத்துக்கு 80 தட்டுகள் வேண்டுமெனில் 120 என்றே எழுத வேண்டும். 7/8 என்னும் குறியும் ஏழு என்ற எண்ணிக்கையை மட்டுமே தருகின்றது. மிசுரசாபு தாளத்தின் 3+4 பிரிவை அதனால் உணர்த்த இயலாது.