புகலிடத்தின் வாயிற்படிகள்

ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய திருத்தலத்தில் நம் அன்னையை ‘அடைக்கல மாதா’ என்று அழைத்து மகிழ்கிறோம். அடைக்கலம் தேடி வருவோரைத் திருப்பி அனுப்பலாகாது என்பது நம் நெஞ்சில் ஊறிய நெறி. ஆயினும், அடைக்கல இல்லத்தின் வாயில்வரை வந்தும் உள்ளே நுழைய இயலாத பெண்ணைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்ட பெண் கேட்டுக்கொண்டால் காப்பகப் பொறுப்பாளர் அவருக்கு இடமளிக்க வேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் கதவின் முன் மூன்று படிகள் இருப்பின், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது அடைத்த கதவேயாம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் நாட்டில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் பேர். இவர்களுள் வன்முறைக்கு ஆளாவோரின் துன்பம் தனித்தன்மை வாய்ந்தது. அடிக்கும் கையே உணவூட்டும் கையாகவும், குளிப்பாட்டும் கையாகவும் இருப்பதுண்டு. ஊன்றுகோலை எட்டாத இடத்தில் வைப்பதும், மருந்தை மறுப்பதும், உதவித்தொகையைப் பறிப்பதும் வன்முறையே. அவ்வீட்டை விட்டு வெளியேறும் பெண், கொடுமையோடு அன்றாட உதவியையும் இழக்கிறார். அவ்வுதவி காப்பகத்தில் கிடைக்காவிடில், அடித்தவரிடமே திரும்பிச் செல்ல நேரிடும்.

ஆகவே, காப்பகங்களில் செய்ய வேண்டியவை சில உள. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்ற அளவில் சாய்தளம் அமைத்தல் வேண்டும். சக்கர நாற்காலி நுழையுமளவு அகன்ற கதவும், கைப்பிடி பொருத்திய கழிப்பறையும் வேண்டும். காது கேளாத பெண்ணுக்குச் சைகைமொழி அறிந்தவர் தேவை. அவர் உறவினராக இருத்தல் ஆகாது. பார்வையற்றவர் கையொப்பமிடுமுன் மனுவை முழுமையாகப் படித்துக் காட்ட வேண்டும். உடனிருந்து உதவும் பணியாளரும் தேவை.

எல்லாரும் வீட்டை விட்டு வர வேண்டும் என்பதுமில்லை. தமக்கேற்ப அமைந்த வீட்டிலேயே ஒரு பெண் தங்க விரும்பினால், துன்புறுத்தும் கணவனை அவ்வீட்டைவிட்டு வெளியேறுமாறு ஆணையிட நீதித்துறை நடுவருக்கு 19-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. மேலும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, இத்தகைய கொடுமை நிகழ்வதாக நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாகத்துறை நடுவருக்குத் தகவல் தரலாம். அண்டை வீட்டார் என்ற முறையில் இது நமக்கும் உரியது.

இல்லங்களை நடத்தும் அருட்சகோதரிகள் மீதே முழுச் சுமையையும் ஏற்றுதல் முறையன்று. ஒரு சாய்தளத்திற்கான செலவைப் பங்கு மக்கள் ஏற்கலாம். நம்மிடையே உள்ள கொத்தனாரும் தச்சரும் தம் உழைப்பை அளிக்கலாம். செவிலியர் வாரம் ஒருநாள் சென்று வரலாம். அன்பியக் கூட்டங்களில் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அறிவிக்கலாம். பேச இயலாத பெண்ணுக்காக அவ்வெண்ணை அழைக்க நாம் முன்வர வேண்டும்.

மாற்கு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வர், வாயிலில் வழியில்லை என்று திரும்பிச் செல்லவில்லை. கூரையைப் பிரித்து அவரை இயேசுவின் முன் இறக்கினர். நாம் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. நம் மறைமாவட்டத்து இல்லங்களுக்குச் சென்று, வாயிற்படிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, ஆவன செய்யத் தொடங்குவோமாக!