அரசனைத் திரும்ப அழைத்தது யார்?

"தலையை வெட்டுனவங்களே மகனைக் கூப்பிட்டு அரியணையில உக்கார வச்சாங்களா சார்?"

நிலக்கோட்டை பூ மார்க்கெட் பக்கத்து டீக்கடையில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார். வெட்டியவர்களே அழைக்கவில்லை தம்பி. ஆனால் அரசனை எதிர்த்துச் சண்டை போட்ட பலர் அழைத்தவர்களில் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் 1642இல் அரசனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. அடுத்து வந்தது குடியரசு. நம் ஊர் வாக்குச்சாவடியை நினைத்துவிடாதீர்கள். அதிகாரம் இருந்ததெல்லாம் பட்டாளத்தின் கையில். 1653இல் படைத்தலைவர் கிராம்வெல் சிப்பாய்களை விட்டு நாடாளுமன்றச் சபையைக் கலைத்தார். அந்த ஆண்டுக் கடைசியில் 'காவலர்' என்ற பட்டத்தோடு ஆளத் தொடங்கினார்.

1657இல் நடந்ததுதான் எனக்குச் சுவையான இடம். "நீங்களே அரசராகிவிடுங்கள்" என்று நாடாளுமன்றமே கிராம்வெல்லிடம் கேட்டது! அரசன் மீது திடீர்ப் பாசமா? இல்லை. அரசன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பல நூற்றாண்டு வழக்குகளில் அடிபட்டு ஒரு வரம்பு உருவாகியிருந்தது. காவலருக்கான சாசனமோ நேற்று எழுதியது. பத்திர ஆபீஸில் பழக்கமான வாசகத்தில் எழுதிய பத்திரத்தைத்தானே தயங்காமல் வாங்குகிறார்கள்? வக்கீல்களுக்கு அந்த மனசுதான். அரசன் என்ற பெயர் வந்துவிட்டால் அவரைக் கட்டுப்படுத்தச் சட்டம் தயாராக இருக்கும் என்பது கணக்கு. படைத்தலைவர்கள் முறைத்தார்கள், கிராம்வெல் மறுத்துவிட்டார்.

1658 செப்டம்பரில் அவர் செத்ததும் ஓட்டை தெரிந்தது. அடுத்து யார்? மகன் ரிச்சர்டைப் பட்டாளம் மதிக்கவில்லை. அடுத்த மே மாதம் ஆட்சி போயிற்று. அதே 1659இல் நம் மதுரையில் திருமலை நாயக்கர் மறைந்தார். அங்கே அந்தக் கேள்விக்கு வம்சம் ஒரு பதில் வைத்திருந்தது. லண்டனிலோ சபையைப் பட்டாளம் விரட்டுவதும், திரும்பக் கூட்டுவதுமாக ஓடியது. சிப்பாய்களுக்குச் சம்பளப் பாக்கி. முழுச் சபை கூடாமல் வரி தர மாட்டோம் என்று நகரம் முரண்டு பிடித்தது.

அப்போது ஸ்காட்லாந்திலிருந்து படையோடு இறங்கினார் மாங்க் என்ற தளபதி. கடைசிவரை மனசில் இருப்பதைச் சொல்லாத ஆள். வெட்டப்பட்ட அரசனின் மகன், வெளியே நாடு கடந்து கிடந்த இளவரசர் சார்லஸும் விவரமானவர். 1660 ஏப்ரலில் பிரெடா நகரிலிருந்து ஒரு பிரகடனம் அனுப்பினார்: பொது மன்னிப்பு, மத விஷயத்தில் தளர்வு, கைமாறிய நிலங்களுக்குத் தீர்வு, பட்டாளத்துக்குப் பாக்கிச் சம்பளம். சிக்கலான விவரங்களையெல்லாம் நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டார். நாடாளுமன்றம் அழைத்தது; மே 29 அன்று லண்டனுக்குள் நுழைந்தார். தெருவெல்லாம் ஆரவாரம்தான்; ஆனால் ஆரவாரம் அவரைக் கொண்டுவரவில்லை. ஆட்சியைச் சண்டையில்லாமல் கைமாற்றும் வழியைக் குடியரசு கண்டுபிடிக்காததுதான் கொண்டுவந்தது. தந்தை காலத்தில் 1641இல் ஒழிக்கப்பட்ட அரசனின் தனி நீதிமன்றங்கள் அவரோடு திரும்பவில்லை என்பதையும் பாருங்கள்.

(அந்தச் செப்டம்பரில்தான் லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் என்பவர் முதன்முதலாகத் தேநீர் குடித்ததை டைரியில் குறித்தார். நாம் ரெண்டாவது டீ சொன்னோம்.)

"பொது மன்னிப்புன்னா எல்லாருக்குமா?" இல்லை. மரண ஆணையில் கையெழுத்திட்டு அகப்பட்டவர்களில் சிலரைக் கொன்றார்கள். கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டியெடுத்துத் தொங்கவிட்டார்கள்.

அரச விசுவாசத்தின் அந்த அலை நம் சென்னைக் கோட்டை வரை அடித்தது. கோட்டையின் தலைவராக இருந்த எட்வர்ட் விண்டரின் இடத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டை அனுப்பியது. பதவி போன விண்டர், அரசருக்கு விரோதமாகப் பேசினார் என்று புதியவர் மேல் ராஜத்துரோகப் பழி போட்டு, 1665 செப்டம்பரில் சிறையில் தள்ளினார். கைகலப்பில் ஒருவர் செத்தார். மூன்று ஆண்டு கழித்து, 1668இல், அரசரின் ஆணையோடு கப்பல்கள் வந்தன; ஃபாக்ஸ்கிராஃப்ட் மறுபடி பதவிக்கு வந்தார். விண்டருக்குத் தண்டனை இல்லை. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் சென்னையிலேயே இருந்தார்.